படத்தில் தெரியாத இலக்கு

கைநடுக்கத்துக்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் தேடிப் போகும் இடம் ஏறக்குறைய ஒரு மிளகின் அளவுதான் இருக்கும். மூளையின் ஆழத்தில், நடுக்கோட்டுக்கு இருபுறமும், தலாமஸ் என்னும் நரம்பணுத் திரள் இருக்கிறது. உடலிலிருந்து வரும் உணர்வுச் செய்திகளும் சிறுமூளையிலிருந்து வரும் அசைவுச் செய்திகளும் மூளையின் மேற்பரப்புக்குப் போகும் வழியில் இங்கே வந்துதான் போகின்றன. தலாமஸின் கீழ்ப்பகுதியில், வென்ட்ராலிஸ் இன்டர்மீடியஸ் என்றும் சுருக்கமாக ‘விம்’ என்றும் நரம்பியலார் சொல்லும் ஒரு சிறு உட்கரு உண்டு. அங்கே மின்துடிப்பைச் செலுத்தினாலோ, அந்தத் திசுவைச் சிறிதளவு பொசுக்கினாலோ, எதிர்ப்பக்கக் கையின் நடுக்கம் அறுவை மேசையிலேயே அடங்கிவிடும்.

இவ்வளவு தெளிவாகப் பலன் தரும் இடம் வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிவதில்லை. தலாமஸின் வெளிவிளிம்பு தெரியும். உள்ளே எல்லாம் ஒரே சாம்பல்தான். விம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்ட ஓர் எல்லைக்கோடும் கிடையாது.

கண்ணுக்குத் தெரியாத இலக்கை அடைய எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவம் என்னென்ன வழிகளைக் கண்டது என்பதே இக்கட்டுரையின் பொருள். அந்த வழிகள் மாறியபோது, நடுக்கம் என்றால் என்ன என்ற புரிதலும் கூடவே மாறியது. என் பார்வையில் இந்த வரலாற்றின் முக்கியமான செய்தி அதுதான்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். நடுக்கம் என்றதும் பலரும் பார்க்கின்சன் நோயைத்தான் நினைக்கிறார்கள். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் விவரித்த அந்த நோயில், கை மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கும். வினாடிக்கு 4 முதல் 6 தடவை ஆடும். ‘எசென்ஷியல் ட்ரெமர்’ என்பது வேறு. அதில் கையைப் பயன்படுத்தும்போதுதான் நடுக்கம் வரும். டம்ளரைத் தூக்கினால் காபி சிந்தும், கையெழுத்து கோணலாகும், சட்டைப் பொத்தான் துளைக்குள் போகாது. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. ப்ரோப்ரனலால், ப்ரிமிடோன் என்ற மருந்துகள் பலருக்கு உதவும். கணிசமானவர்களுக்குப் போதிய பலன் தருவதில்லை, அல்லது பக்க விளைவால் தொடர முடியாமல் போகிறது. அறுவை சிகிச்சை இவர்களில் கடுமையாகத் துன்பப்படுபவர்களுக்கு மட்டுமே.

இலக்கு ஏன் இத்தனை துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்கு விம்மைச் சுற்றியிருக்கும் அண்டைப்பகுதிகளே காரணம். அதன் பின்னால் ஒட்டியபடி இருப்பது தொடு உணர்ச்சிக்கான உட்கரு. அங்கே தவறிப்போனால் விரல்களும் உதடும் மரத்துப்போகும். வெளிப்பக்கத்தில் உட்பொதிகை என்னும் தடித்த நரம்புக்கற்றை ஓடுகிறது. மூளையிலிருந்து தசைகளுக்குப் போகும் கட்டளைகள் அனைத்தும் அதன் வழியே இறங்குகின்றன. அதைத் தொட்டால் பேச்சு குழறும், கை வலுவிழக்கும். கீழேயும் உட்புறமாகவும் நகர்ந்தால் நடை தள்ளாடும். இரண்டு மில்லிமீட்டர் பிசகு போதும், நடுக்கம் நின்ற கையோடு தடுமாறும் காலையும் கொண்டு ஒருவர் வீடு திரும்ப நேரும்.

மூளைக்குள் ஒரு புள்ளியை அளவெடுத்து அடையும் கருவியை முதலில் செய்தவர்கள் லண்டனைச் சேர்ந்த ஹார்ஸ்லியும் கிளார்க்கும். 1908இல் அவர்கள் விவரித்த அந்தச் சட்டகம் விலங்குகளுக்கானது. விலங்கின் மண்டையோட்டு அடையாளங்களை வைத்து அளந்தால் ஓரளவு சரியாக வந்தது. மனிதரிடம் அது எடுபடவில்லை. மண்டையோட்டின் வடிவமும் உள்ளே மூளை அமைந்திருக்கும் விதமும் ஆளுக்கு ஆள் வேறுபட்டன. 1947இல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்பீகலும் வைசிஸும் வேறொரு வழியைக் கண்டார்கள். மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் அறைகளின் ஓரங்கள் தெரியும், அங்கிருந்து அளக்கலாம். மனித மூளையில் இலக்கு தேடப் படம் பயன்பட்டது அப்போதிலிருந்துதான். பாரிஸில் தலைராக், மூன்றாவது உள்ளறையின் முன்னும் பின்னும் மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் இரண்டு சிறு நரம்பு இணைப்புகளை ஒரு கோட்டால் சேர்த்து, மூளைக்குள் எல்லா அளவுகளையும் அந்தக் கோட்டிலிருந்து எடுக்கும் முறையை வகுத்தார். இன்றும் உலகெங்கும் அந்தக் கோடுதான் அடிப்படை.

எங்கே போவது என்ற கேள்விக்கு ஒரு விபத்தும் விடை தந்தது. 1952இல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர், பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு மூளைத்தண்டுப் பகுதியில் அறுவை செய்துகொண்டிருந்தபோது ஒரு சிறு தமனி சேதமடைந்தது. இரத்தப்போக்கை நிறுத்த அதைக் கட்டி, உத்தேசித்த வேலையைச் செய்யாமலே மூடிவிட்டார். நோயாளி கண்விழித்தபோது நடுக்கம் போயிருந்தது, பக்கவாதமும் வரவில்லை. இரத்த ஓட்டம் நின்ற பகுதியில் எதுவோ ஒன்றுதான் நடுக்கத்தை ஓட்டிக்கொண்டிருந்தது என்பது புலனாயிற்று. அந்த ‘எதுவோ’வை முறையாகத் தேடிய இடங்களில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் முதன்மையானது. அங்கே உடற்கூற்றியலாளர் ஹாஸ்லர் தலாமஸைச் சிறுசிறு உட்கருக்களாகப் பிரித்துப் பெயரிட்டார். அறுவை மருத்துவர் ரீஷர்ட் அவற்றை இலக்காகக் கொண்டார். விம் என்ற பெயரே ஹாஸ்லர் வழி வந்ததுதான்.

பிறகு வரைபட நூல்கள் வந்தன. ஷால்டன்பிராண்டும் பெய்லியும் 1959இல் வெளியிட்ட நூலும், அதன் வழியில் 1977இல் ஷால்டன்பிராண்டும் வாரெனும் வெளியிட்ட நூலும் அறுவை அரங்குகளின் வேதமாயின. அவற்றிலிருந்து ஒரு சூத்திரம் பிறந்தது: பின் இணைப்பிலிருந்து முன்னோக்கி, கோட்டின் நீளத்தில் கால் பங்கு, மூன்றாவது உள்ளறையின் சுவரிலிருந்து பக்கவாட்டில் 11 மில்லிமீட்டர், உயரம் அந்தக் கோட்டின் மட்டம். இன்றும் பெரும்பாலான அறுவைகள் இந்தச் சூத்திரத்தில் தொடங்குகின்றன. ஆனால் அந்த நூல்கள் சில மூளைகளை மட்டும் வெட்டி வரைந்தவை. முன்பின், பக்கவாட்டு, கிடைமட்ட வெட்டுகள் வெவ்வேறு மூளைகளிலிருந்து எடுக்கப்பட்டதால் அவை ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவதும் இல்லை. எழுபது வயதுக்காரரின் மூளையில் உள்ளறை விரிந்து தலாமஸ் வெளிப்புறம் தள்ளப்பட்டிருக்கும். சூத்திரத்துக்கு அவரைத் தெரியாது.

அந்தக் குறையை ஈடுசெய்தவை நுண்மின்முனையும் விழித்திருக்கும் நோயாளியும்தான். பாரிஸில் கியோவும் உடலியங்கியலாளர் அல்ப்-ஃபெஸ்ஸாரும் சேர்ந்து, மெல்லிய மின்முனையை இறக்கித் தலாமஸ் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். நடுக்கத்தின் தாளத்திலேயே துடிக்கும் அணுக்கள் அங்கே கிடைத்தன. நோயாளியின் விரலைத் தொட்டால் துடிக்கும் அணுக்களின் பேச்சு கேட்டால், இலக்கைத் தாண்டிப் பின்னால் வந்துவிட்டோம் என்று பொருள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தியின் குழு, வி. பாலசுப்ரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா ஆகியோருடன், 1960களிலேயே இந்த வகை அறுவையில் இறங்கிவிட்டது. சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் இல்லாத காலம். எக்ஸ்ரேயும் அளவுகோலும் நிதானமும்தான் அவர்களுக்கு இருந்த கருவிகள். நம் நரம்பியல் வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

1960களின் இறுதியில் லெவோடோபா மாத்திரை வந்ததும் பார்க்கின்சன் நோய்க்கான அறுவைகள் வெகுவாகக் குறைந்தன. 1987இல் கிரெனோபிளில் பெனாபித், திசுவைப் பொசுக்குவதற்கு முன் இடம் சரிதானா என்று சோதிக்க மின்துடிப்பு கொடுப்பது வழக்கமாக இருந்ததைப் பயன்படுத்தி, வினாடிக்கு 100 துடிப்புக்கு மேல் கொடுத்தால் பொசுக்காமலே நடுக்கம் நிற்பதை உறுதிசெய்தார். மின்முனையை உள்ளேயே விட்டுவிடும் ஆழ்மூளைத் தூண்டல் அப்படித்தான் வேரூன்றியது. 1997இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நடுக்கத்துக்கு அதை அனுமதித்தது.

இதற்குள் எம்.ஆர்.ஐ. மருத்துவமனைகளில் பரவிவிட்டது. அது தலாமஸை அழகாகக் காட்டியது, ஆனால் விம்மைக் காட்டவில்லை. அந்த இரண்டு இணைப்புகளையும் உள்ளறைச் சுவரையும் துல்லியமாகக் கண்டு பழைய சூத்திரத்தைப் போட மட்டும் அது பயன்பட்டது. கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் ஓர் அளவுகோலின் வேலையைத்தான் செய்தது.

திருப்பம் தண்ணீரிலிருந்து வந்தது. திசுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைகின்றன. நரம்பிழைகளின் நடுவே இருக்கும்போது அவை இழையின் நீளவாக்கில் எளிதாக நகரும். குறுக்கே நகர்வது கடினம். எம்.ஆர்.ஐ. கொண்டு இந்த நகர்வை அளக்கலாம் என்று 1980களின் நடுவில் லெ பிஹான் காட்டினார். 1994இல் பேஸரும் அவருடைய சகாக்களும் ஒவ்வொரு புள்ளியிலும் நகர்வின் திசையைக் கணக்கிடும் முறையைத் தந்தார்கள். புள்ளிக்குப் புள்ளி திசையைத் தொடர்ந்து போனால் நரம்புப் பாதையின் தடம் கிடைக்கும். 2003இல் ஆக்ஸ்ஃபோர்டின் பெஹ்ரன்ஸ் குழு, தலாமஸின் ஒவ்வொரு பகுதியும் மூளை மேற்பரப்பின் எந்தப் பகுதியோடு தொடர்பு கொண்டிருக்கிறது என்பதை வைத்து உயிருள்ள மனிதரின் தலாமஸைக் கூறுபோட்டுக் காட்டியது. சாம்பல் திரளுக்குள் தெரியாதிருந்த எல்லைகள் தொடர்புகளின் வழியே வரையப்பட்டன. ஹாஸ்லர் இறந்தவர்களின் மூளையை வெட்டிச் செய்த வேலையை, உயிரோடிருப்பவரின் மூளையில், கத்தியின்றிச் செய்யும் வழி பிறந்தது.

நடுக்கத்துக்கு இதன் பொருத்தம் ஆழமானது. சிறுமூளையின் உள்ளே டென்டேட் என்னும் உட்கரு இருக்கிறது. அங்கிருந்து ஒரு நரம்புக்கற்றை மேலேறி, நடுமூளையில் எதிர்ப்பக்கம் கடந்து, சிவப்பு உட்கருவைத் தொட்டுக்கொண்டு தலாமஸுக்குள் நுழைகிறது. பின்னர் இயக்கத்துக்கான மூளை மேற்பரப்பை அடைகிறது. இந்தக் கற்றை தலாமஸில் வந்து சேரும் இடம்தான் விம். ஜெர்மனியில் கோனன், 2011இல் வெளியிட்ட ஆய்வில், நடுக்கத்தை நன்றாக அடக்கிய மின்முனை இந்தப் பாதையில் அமைந்திருந்ததைக் காட்டி, பாதையையே இலக்காக வைக்கலாம் என்று முன்மொழிந்தார். பிற்காலத்தில் அவர் தலைமையேற்ற துறை, ஹாஸ்லரும் ரீஷர்ட்டும் பணியாற்றிய அதே ஃப்ரைபர்க் நகரில் இருக்கிறது.

உட்கருவுக்குப் பதில் பாதையை இலக்காக்குவது வெறும் அளவெடுப்பு மாற்றமன்று. சுவீடனின் உமியோ நகரில் புளோம்ஸ்டெட் குழு, தலாமஸுக்குள்ளேயே போகாமல் அதற்குக் கீழே ‘ஸோனா இன்செர்ட்டா’வின் பின்பகுதியில் மின்முனையை வைத்து எசென்ஷியல் ட்ரெமரை அடக்கிவருகிறது. விம்தான் நோயின் இருப்பிடம் என்றால் இது புரியாத புதிர். சிறுமூளைப் பாதை தலாமஸுக்குள் விரிவதற்கு முன் அங்கே ஒடுங்கி ஓடுகிறது என்று பார்த்தால் புதிர் அவிழ்கிறது. நடுக்கம் ஓர் உட்கருவில் குடியிருக்கும் நோயன்று. சிறுமூளையும் தலாமஸும் மேற்பரப்பும் சேர்ந்த வலையில் ஓடும் அலை. அந்த வலையில் அலையை முறிக்க வசதியான இடங்களில் விம் ஒன்று.

2016இல் டொராண்டோ குழு வெளியிட்ட முறை எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது. சம்மார்டினோ, கிருஷ்ணா, லொஸானோ ஆகியோர் இலக்கை நேரடியாகத் தேடவில்லை. தவிர்க்க வேண்டிய இரண்டு பாதைகளைத் தேடினார்கள். வெளிப்பக்கம் இயக்கப் பாதை, பின்பக்கம் தொடு உணர்ச்சிப் பாதை. இரண்டுமே தடித்தவை, படத்தில் நம்பகமாகக் கிடைப்பவை. இரண்டின் விளிம்பிலிருந்தும் 3 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் இடத்தை விம்மாகக் கொண்டு, அறுவையின்போது அதைச் சரிபார்த்தார்கள். எதைத் தொட்டால் நோயாளிக்குத் தீங்கு வரும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்கியிருப்பதில் மருத்துவத்தின் நல்ல மனசாட்சி தெரிகிறது. சிறுமூளைப் பாதையைப் போல மெலிந்து, நடுவில் குறுக்கே கடந்து போகும் பாதையைத் துரத்துவதைவிட இது உறுதியான நிலமும்கூட.

ஏனெனில் நரம்புப் பாதைப் படங்களைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. கருத்தரங்குகளின் திரையில் நீலமும் சிவப்புமாக மின்னும் அந்த இழைகள் புகைப்படங்கள் அல்ல. தண்ணீரின் நகர்விலிருந்து கணிதம் ஊகித்த கோடுகள். வழக்கமான பதிவில் ஒரு படப்புள்ளியின் பக்கம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். அதற்குள் எண்ணற்ற இழைகள் பல திசைகளில் போகும். இரண்டு பாதைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எளிய கணக்குமுறைகள் தடுமாறும். சிறுமூளைப் பாதை நடுமூளையில் எதிர்ப்பக்கம் கடப்பதைப் பிடிக்க முடியாமல், அதே பக்கமாகவே மேலேறும் கோட்டை அவை வரைந்துவிடுவதுண்டு. ஒரே நோயாளியின் பதிவை இரண்டு மென்பொருள்களில் போட்டால் இரண்டு விதமாக வரலாம். வேகமாக எடுக்கும் இந்தப் படங்கள் மூளையின் சில பகுதிகளைச் சற்றே இழுத்தும் நெளித்தும் காட்டும். திருத்தாமல் விட்டால் இலக்கும் நகர்ந்துவிடும். இத்தனைக்கும் மேல், மண்டையோட்டைத் துளைத்ததும் மூளைநீர் கசிந்து, காற்று புகுந்து, மூளையே கொஞ்சம் அமிழும். நேற்று எடுத்த படம் இன்றைய மூளையோடு முழுமையாகப் பொருந்தாது.

உட்கருவை நேரடியாகவே காட்டும் முயற்சிகளும் நடக்கின்றன. 2009இல் ஃபுளோரிடாவில், வெள்ளை நரம்பிழைகளின் ஒளியை அடக்கி, தலாமஸின் உள் எல்லைகளை எடுத்துக்காட்டும் எம்.ஆர்.ஐ. பதிவுமுறை ஒன்று உருவாக்கப்பட்டது. 7 டெஸ்லா காந்தப்புல வலிமையுள்ள கருவிகள் இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. அவை இன்று பெரும்பாலும் ஆய்வு நிலையங்களில்தான் இருக்கின்றன.

படத்தின் மீது விழும் பாரம் மிக அதிகமானது குவிந்த அல்ட்ராசவுண்ட் சிகிச்சையில்தான். நோயாளியின் தலையைச் சுற்றித் தலைக்கவசம் போன்ற கருவியில் 1,024 ஒலிமூலங்கள். அவற்றின் கேளா ஒலிக்கதிர்கள் மண்டையோட்டைக் கடந்து ஒரே புள்ளியில் குவிந்து திசுவைச் சூடாக்கும். கத்தியும் துளையும் இல்லை; ஆகவே மின்முனையைச் செலுத்தி நரம்பணுக்களின் துடிப்பைக் கேட்கவும் வழியில்லை. மண்டையோட்டின் அடர்த்தியைச் சி.டி. படம் முன்கூட்டியே சொல்லும். எம்.ஆர்.ஐ. வரைபடமாகவும் வெப்பமானியாகவும் பணி செய்யும்: சூடேறினால் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் அதிர்வெண் மிகச் சிறிதளவு மாறுவதால், எந்தப் புள்ளி எத்தனை டிகிரிக்குப் போனது என்பதை உடனுக்குடன் படமாக்கலாம். முதலில் திசு சாகாத அளவுக்குச் சூடாக்கிச் சோதிப்பார்கள். நடுக்கம் குறைகிறதா, நாக்கு குழறுகிறதா, விரல் மரக்கிறதா என்று பார்த்த பின்பே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றி நிரந்தரப் புண்ணாக்குவார்கள்.

இந்தச் சிகிச்சை குறித்து இலயாஸ் குழு 2016இல் வெளியிட்ட பரிசோதனையில் 76 பேர் பங்கேற்றனர். 56 பேருக்கு உண்மைச் சிகிச்சை, 20 பேருக்குப் பாவனைச் சிகிச்சை. மூன்று மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களின் கைநடுக்க மதிப்பெண் 47 சதவீதம் மேம்பட்டது. பாவனைச் சிகிச்சையில் மாற்றமே இல்லை என்று சொல்லலாம். அதே ஆண்டு அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. அந்த அறிக்கையின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். 36 சதவீதம் பேருக்கு நடையில் தடுமாற்றம், 38 சதவீதம் பேருக்கு மரத்துப்போதல் அல்லது ஊசி குத்தும் உணர்வு வந்தன. ஓராண்டுக்குப் பின்னும் முறையே 9, 14 சதவீதம் பேரிடம் அவை நீடித்தன. விம்மின் அண்டைப்பகுதிகள் எவை என்று முன்னால் பார்த்தோம். இந்தப் பக்கவிளைவுகளின் பட்டியல் அந்த அண்டைவீட்டுப் பட்டியலேதான். புண் எங்கே முடிகிறது என்பதில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு மனிதர் விலை கொடுக்கிறார். பாதைகளைப் படமெடுத்துத் திட்டமிடுவதை ஆடம்பரம் என்று தள்ள முடியாது என நான் கருதுவது இதனால்தான்.

கூப்பரின் விபத்துக்கு ஒரு நவீனத் தொடர்ச்சியும் உண்டு. எசென்ஷியல் ட்ரெமர் உள்ள சிலருக்கு வேறு காரணத்தால் பக்கவாதம் வந்து, அதன்பின் நடுக்கம் நின்றுபோன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் ஆங்காங்கே பதிவாகியிருந்தன. யவுட்சா, ஃபாக்ஸ் உள்ளிட்டோர் 2018இல் அத்தகைய 11 பேரின் படங்களைத் திரட்டினார்கள். மூளையின் புண்கள் ஒரே இடத்தில் இல்லை. ஆனால் அந்த இடங்கள் ஒவ்வொன்றும் மூளையின் வேறெந்தப் பகுதிகளோடு சேர்ந்து இயங்குகின்றன என்று பார்த்தபோது, அவை ஒரே வலையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. தலாமஸின் அந்தப் பழைய இலக்கும் சிறுமூளையும் அந்த வலையின் கணுக்கள். அடுத்த ஆண்டு பெர்லினிலிருந்து அல்-ஃபத்லி, ஹார்ன் ஆகியோர், ஆழ்மூளைத் தூண்டல் பெற்ற 36 பேரின் மின்முனைகள் எந்த வலையைத் தூண்டின என்று கணித்து, பலனை முன்கூட்டியே ஊகிக்கலாம் என்று காட்டினார்கள்.

அருமையான வேலைதான். ஒரு தயக்கத்தை மட்டும் பதிவுசெய்ய விரும்புகிறேன். இவ்வகை ஆய்வுகளில் வலையின் வரைபடம் பெரும்பாலும் நோயாளியுடையதன்று. ஆரோக்கியமான பலருடைய படங்களைச் சேர்த்துச் செய்த சராசரி. சில மூளைகளை வெட்டி வரைந்த நூலைவிட அது எவ்வளவோ மேல். ஆயினும், சூத்திரம் நோயாளியை அறியாது என்ற குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர்கள் மறுபடி சராசரியிடமே வந்து நிற்கும் அபாயம் இதில் இருக்கிறது. கூட்டத்தின் படம் எங்கே தேடலாம் என்று சொல்லட்டும். எங்கே நிறுத்துவது என்று அந்த நோயாளியின் சொந்தப் படம் சொல்ல வேண்டும்.

படங்கள் தெளிவாகிவருவதால், நோயாளியை முழு மயக்கத்தில் வைத்தே மின்முனையைப் பொருத்தும் மையங்கள் பெருகுகின்றன. தலையில் சட்டகத்தைத் திருகி, மணிக்கணக்கில் விழித்தபடி படுத்திருப்பது கடும் சோதனை. மயக்கத்தை விரும்புபவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் நடுக்க அறுவைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வேறு பல நோய்களில் பலன் தெரிய வாரங்கள் ஆகும். இங்கே மின்சாரம் ஏறியதும் கையில் தெரியும். அட்டையில் சுருள்கோடு வரையச் சொல்கிறார் மருத்துவர். சற்றுமுன் பல்வரிசையாய் நெளிந்த கோடு வழுவழுவென்று வருகிறது. விரல் மரத்தால் நோயாளியே சொல்லிவிடுவார். இத்தகைய சோதனையைப் படத்தின் மீதான நம்பிக்கையில் எளிதாக விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. படமும் விழித்த நோயாளியும் சேர்ந்து இருக்கும்போதுதான் ஒன்றின் பிழையை மற்றது திருத்தும்.

வீட்டில் பெரியவர் ஒருவரின் கை நடுங்கினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலானோருக்கு அறுவை தேவைப்படாது. தேவைப்படும் என்று சொல்லப்பட்டால், சம்மதக் கையெழுத்து போடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இலக்கைச் சூத்திரத்தால் மட்டும் தீர்மானிக்கிறீர்களா, இவருடைய நரம்புப் பாதைகளையும் படமெடுத்துப் பார்ப்பீர்களா? அறுவையின்போது இவரை விழிக்கவைத்துச் சோதிப்பீர்களா? முடிந்தபின் மின்முனையோ புண்ணோ எங்கே அமைந்தது என்று மறுபடி படமெடுத்துக் காட்டுவீர்களா? இந்த வேலையை நன்கு செய்யும் மருத்துவர் மூன்றுக்கும் பொறுமையாக விடை சொல்வார்.